மூக்கு வழியே நாலு லட்சம்

அன்றைக்கு அந்த கிளினிக் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், அப்புறம் கொழுந்தன் பெண்டாட்டி. மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் என்று சொல்லிக்கொண்ட ஆள். அவருக்குப் பக்கத்தில் சிரித்த முகம் மாறாமல் ஒரு பெண், அவளைக் கவுன்சலர் என்றார்கள். ஏழாவதாக ஒரு ஆள் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் ஒருநாள் கொழுந்தன் பெண்டாட்டி சொந்தக்காரர்கள் முன்னால், "நான் அன்னைக்கு அங்க வரவே இல்லீங்களே" என்றாள். வந்தாள். ஏசிக் குளிர் தாங்காமல் முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு என் இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எந்தெந்தப் பேச்சுக்குத் தலையாட்டினாள் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வயிறு எரிந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். கொழுந்தனை நேரில் நான் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. இங்கே அவன் என்றுதான் எழுதப்போகிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் காரமடையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. தோட்டத்துக் கிணற்று மோட்டார், போர் மோட்டார் என்று உள்ளே சுற்றிய காயில் கருகி வருவதையெல்லாம் பிரித்து, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். முதலில் வலது கைக் கட்டைவிரல் ஆடியது. கம்பியை இழுத்து இழுத்து நரம்பு பிசகிவிட்டது என்று எண்ணெய் தேய்த்தோம். அப்புறம் நடை குறுகியது. முகத்தில் சிரிப்பு வருவது நின்றது. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் அம்மா பார்த்துவிட்டு, இது பார்க்கின்சன், மூளைக்குள் ஒரு சுரப்பு குறைந்துகொண்டே போகும் வியாதி, இதை வேரோடு எடுக்க முடியாது, மாத்திரையால் ஓட்டலாம் என்றார்.

மாத்திரையால் ஓட்டினோம். விழுங்கி முக்கால் மணி நேரத்தில் கை அடங்கும், கால் இளகும், பட்டறைக்குப் போவார். மாத்திரையின் வேகம் இறங்கினால் நின்ற இடத்தில் நிற்பார், தரையில் ஆணி அடித்து வைத்த மாதிரி. அடுத்த மாத்திரை வரைக்கும் அப்படித்தான். நான் கேஸை மூடினேனா என்று மூன்று தரம் திரும்பிப்போய்ப் பார்க்கிற ஜாதி. பஸ்ஸில் ஏறினால் பூட்டைப் பற்றி நினைப்பேன், பூட்டைப் பார்த்தால் பஸ்ஸைப் பற்றி நினைப்பேன். அப்படிப்பட்டவளுக்கு மாத்திரை வேளை என்று ஒன்று வந்துவிட்டால் கேட்கவா வேண்டும். ஒரு வேளை தவறவிட்டதில்லை. அவர் தானாக எழுந்து பாத்ரூம் போகிறார், தானாகச் சோறு விழுங்குகிறார், இது ரெண்டும் கைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்பதுதான் என் கணக்கு. அவர் கணக்கு வேறு. அவருக்குப் பழைய கை வேண்டும். காயிலை மோட்டார் ஸ்லாட்டுக்குள் இறக்கும் கை.

நானோ என்ற சொல்லை எங்கள் ஊட்டுக்குள் கொண்டுவந்தவன் கொழுந்தன். அவன் டவுனில் நூல் வியாபாரம் செய்கிறவன். போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"அண்ணா, மாத்திரை எல்லாம் பழைய காலமுங்க. இப்ப நானோ வந்துருச்சு. மருந்தைக் கண்ணுக்கே தெரியாத பொடியில வெச்சு மூக்கு வழியா உடறாங்களாமா. நேரா மூளைக்குப் போயிருது."

நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த தரம் மாத்திரை எழுதி வாங்கப் போனபோது நரம்பு டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். அவர் சுள்ளென்று பேசுகிறவர். ஆனாலும் அன்றைக்கு உட்காரவைத்துச் சொன்னார். ரத்தத்தில் இருக்கிற கண்ட கண்டதெல்லாம் மூளைக்குள் போகாமல் இருக்க உடம்பே ஒரு காவல் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் காவல் விஷத்தைத் தடுக்கிற மாதிரியே மருந்தையும் தடுத்துவிடுகிறது. அதனால் மருந்தை மிக மிக நுண்ணிய துகளுக்குள் பொதிந்து, அந்தக் காவலைத் தாண்ட வைக்கலாமா என்று உலகம் பூராவும் ஆராய்ச்சி செய்கிறார்கள். மூக்கு வழியாகவும் செய்து பார்க்கிறார்கள். "பொய் இல்லைம்மா. ஆனா பெரும்பாலும் இன்னும் எலிகிட்டதான் இருக்கு. உங்க வீட்டுக்காரர் வியாதிக்கு அப்படி ஒரு மருந்து கடைக்கு வரலை. வந்தா நானே எழுதுவேன். யாராவது காசுக்கு வித்தா வாங்காதீங்க."

வீட்டுக்கு வந்து இதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். என் வீட்டுக்காரர் 'பொய் இல்லை' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். கொழுந்தன் போனில் சிரித்தான். "அந்தம்மா அப்படித்தான் சொல்லுமுங்க, நங்கையா. நோய் தீந்துட்டா மாசாமாசம் பீஸ் ஆரு குடுப்பாங்க?" அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். அவன் வாயில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் பின்னால் ஒரு குத்து இருக்கும்.

காந்திபுரத்தில் பஸ் நிற்கிற சத்தம் கேட்கிற தூரத்தில்தான் அந்த கிளினிக். கண்ணாடிக் கதவு, நீல விளக்கு, சுவரெல்லாம் சட்டம் போட்ட சான்றிதழ். டாக்டர் என்று சொல்லிக்கொண்ட அந்தக் கிளினிக்காரர் டிவியில் ஒரு படம் போட்டுக் காட்டினார். சின்னச் சின்ன உருண்டைகள் மூக்குக்குள் போய், மேலே ஏறி, மூளைக்குள் நுழைந்து வெடித்துப் பூப்பூவாக விரிந்தன.

"மருந்து உள்ள, மேல ஒரு கோட்டிங். அவ்வளவுதான். கோட்டிங் இருக்கறதால வழியில வீணாகாது."

என் வீட்டுக்காரர் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம வைண்டிங் கம்பிக்கு மேல எனாமல் இருக்குமே, அந்த மாதிரிங்களா?"

"அதே மாதிரிதான் சார். எவ்வளவு அழகா புரிஞ்சுக்கிட்டீங்க."

அத்தோடு முடிந்தது. ஆயுசு பூரா எனாமல் கம்பியைத் தொட்டவரிடம் கோட்டிங் என்று சொல்லியாகிவிட்டது, இனி அவரை எந்தக் கொம்பன் வந்து திருப்புவது. நான் மட்டும் கேட்டேன். "இப்ப சாப்புடற மாத்திரையோட சேத்து இதைப் போட்டுக்கலாமுங்களா?"

"இல்லம்மா, அதை நிறுத்தணும். பழைய மாத்திரை ரத்தத்துல இருந்தா நானோ உள்ள இறங்காது."

"நிறுத்தறதுக்கு முன்னால நரம்பு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை..."

கிளினிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாவதுங்க. அப்பறம் மில்லுக்குப் போயிட்டேன்."

"பரவால்லையே" என்றார். அந்தக் கவுன்சலர் பெண் சிரித்தாள். கொழுந்தன் சிரித்தான். கொழுந்தன் பெண்டாட்டி என் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள், அழுகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி. சிரிக்காதவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் சிரிக்காதது வியாதியாலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆறு லட்சம் என்றாள் அந்தப் பெண். மூன்று மாதத்துக்கு, ஊட்டுக்கே ஆள் வந்து மருந்து விடக் கத்துக்கொடுப்பார்கள், குணம் இல்லை என்றால் முக்கால் பங்கு திருப்பித் தரப்படும். எழுந்து வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆறு லட்சத்துக்கு யாருக்குத்தான் தைரியம் வரும். ஆனால் கொழுந்தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் வாங்கப் போகிறான்.

"ஆறெல்லாம் ஆகாதுங்க. மூணு சொல்லுங்க."

"சார், இது மருந்து. காய்கறி இல்லை."

"நூலும் காய்கறி இல்லீங்க. அதையும் நாங்க பேசித்தான் வாங்கறோம். சரி, மூணேகால்."

அரை மணி நேரம் நடந்தது. அவன் எழுந்து கதவு வரைக்கும் போனான். திரும்பி வந்தான். அண்ணனையும் எழுந்திருக்கச் சொன்னான். அவர் எழுந்திருக்கப் பட்ட பாட்டைப் பார்த்து அந்தப் பெண் ஐம்பதாயிரம் குறைத்தாள். இன்னும் ரெண்டு பேஷண்ட் கூட்டிவாரேன் என்றான், இன்னும் குறைந்தது. கடைசியில் நாலில் நின்றது. அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்க்கவேண்டுமே. மருந்து வேலை செய்யுமா என்று அந்த அரை மணி நேரத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ரெண்டு லட்சம் குறைத்தாயிற்று, அதுவே ஒரு குணம் ஆன மாதிரி. விலை இறங்கியதாலேயே பொருள் நிஜம் என்று ஆகிவிட்டது. ஏமாற்றுகிறவன் இவ்வளவு மல்லுக்கட்டுவானா என்று காரில் வரும்போது அவனே சொன்னான்.

ஆனால் குறைத்ததற்கு ஈடாக அந்தப் பெண் ஒன்று சேர்த்தாள். நடுவில் பழைய மாத்திரையோ வேறு டாக்டர் மருந்தோ ஒன்று எடுத்தாலும் கேரண்டி கிடையாது. ஒரு ரூபாய் திரும்பாது. "டிஸ்கவுண்ட் ரேட்டுக்கு இதுதான் கண்டிஷன் சார்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரரே சொன்னார். "அது ஞாயந்தான், அம்மிணி. நம்ம பட்டறையில போர்டே அதுதானே."

போர்டு உண்மைதான். 'வேறு கடையில் பிரித்த மோட்டாருக்கு கேரண்டி கிடையாது.' சிவப்புப் பெயிண்டில் அவர் கையால் எழுதியது. எத்தனை தோட்டத்துக்காரர்களை அந்தப் போர்டைக் காட்டித் திருப்பி அனுப்பியிருப்பார். தொழில் தெரிந்தவன் சொல்லுகிற பேச்சு என்று அவருக்கு அந்த ஆளின் மேல் மரியாதையே வந்துவிட்டது. ஆடுகிற கையால் கையெழுத்துப் போட்டார். கொழுந்தன் அங்கேயே போனில் நாலு லட்சத்தையும் அனுப்பினான். "அண்ணனுக்குச் செய்யறதுக்குக் கணக்கு என்னங்க, நங்கையா. அப்பறம் பாத்துக்கலாம்" என்றான். அந்த 'அப்பறம்' அன்றைக்கே என் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது.

மருந்து சின்ன நீலக் குப்பியில் வந்தது. காலையும் மாலையும் மூக்கில் சொட்டு விடவேண்டும். மாத்திரையை அவர் ஒரே நாளில் நிறுத்தினார். முதல் ரெண்டு நாள் வழக்கமாக மாத்திரை இறங்கினால் வருகிற இறுக்கம்தான், அதைவிட மோசமில்லை. அந்த ரெண்டு நாளில், மாத்திரை இல்லாமலே அண்ணன் தாங்குகிறார் என்று கொழுந்தன் போனில் ஊரையே கூட்டிவிட்டான். அப்புறம் உடம்பு பூராவும் விடாமல் இறுகத் தொடங்கியது. பாத்ரூமுக்கு நான் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. சோறு வாயிலேயே நின்றது. கிளினிக்குக்குப் போன் செய்தேன்.

"அது நல்லதும்மா. உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்றாள் அந்தப் பெண். எதைச் சொன்னாலும் நல்லது என்றாள். செத்துப்போனால் என்ன சொல்லியிருப்பாளோ.

மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி எடுத்துக்கொண்டு போனேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். பேச முடியாதவர் கண்ணால் வேண்டாம் என்றார். கொழுந்தன் பெண்டாட்டி அன்றைக்கு ஊட்டில்தான் இருந்தாள். உதவிக்கு வந்தேன் என்றாள், காவலுக்கு வந்தாள் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, என்ன பண்றீங்க? கேரண்டி போயிருமுங்க."

"மனுசன் போயிருவான் போலிருக்குதே, அம்மிணி. அதைப் பாக்கலீங்களா?"

"உங்களுக்கு எப்பவுமே பயம்ங்க்கா. பயந்து பயந்தே அவரை இப்படி ஆக்கிப்போட்டீங்க."

டம்ளரை என் கையிலிருந்து வாங்கி வாஷ்பேசினில் ஊற்றினாள். மெதுவாக, மரியாதையாக ஊற்றினாள். நான் அவளை அடிக்கவில்லை. இன்னொரு மாத்திரையைப் பொடித்தேன். அவர் பல்லைத் திறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் தொட்டுப் பார்த்தால் அடுப்பு மாதிரிக் கொதித்தார். கை, கால், கழுத்து எல்லாம் பலகை. வேர்வையில் பாய் நனைந்திருந்தது. கூப்பிட்டால் கண் மட்டும் நகர்ந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் கூப்பிட்டு நரம்பு டாக்டர் அம்மாவிடமே கொண்டுபோனேன்.

"மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?" அதுதான் அவருடைய முதல் பேச்சு. சொன்னேன். "நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து, தெரியுமா? வீட்ல அத்தனை பேர் இருந்து என்ன பண்ணினீங்க?" வார்டே திரும்பிப் பார்த்தது. பட்டதும் நான், திட்டு வாங்கியதும் நான். வாங்கிக்கொண்டேன். அவர் திட்டத் திட்ட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. திட்டுகிறவர் வைத்தியம் பார்க்கப் போகிறார் என்று தெரிந்தது.

மூக்கு வழியாகக் குழாய் போட்டு, அதே பழைய மாத்திரையை உள்ளே இறக்கவேண்டும் என்றார்கள். அந்தச் சமயத்தில் கொழுந்தன் வந்து சேர்ந்தான். ஐசியூ வாசலில் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"நங்கையா, ஒரு நாளைக்குப் பொறுத்துப் பாக்கலாமுங்களா? கிளினிக்ல கேட்டுட்டேன். இப்ப மாத்திரை போட்டா அத்தனையும் போச்சுங்கறாங்க."

"ஏனுங் தம்பி, அத்தனையும்னா எதுங்க?"

"பணந்தாங்க. வேறென்ன."

"உங்கண்ணன் உள்ள கெடக்கறாரு."

"அதுக்குத்தானுங்க நாலு லட்சம் குடுத்தேன். நீங்க குடுக்கலீங்களே."

ஒரு நர்ஸ் வந்து, யார் சம்மதம் சொல்வது என்று கேட்டாள். நான் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப இது உங்க முடிவுங்க. நாளைக்கு என்னைக் கேக்கக்கூடாதுங்க" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. காரமடைத் தேருக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்கிற குரல்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. இறுக்கம் விட்டது. உயிரோடு கொண்டுவந்துவிட்டேன். ஆனால் இறங்கிய படி அத்தனையும் ஏறவில்லை. வாக்கர் பிடித்தால்தான் நடக்கிறார். சோற்றைக் குழைத்துத்தான் ஊட்டவேண்டும். தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறாமல் இருக்க நான் பக்கத்தில் நிற்கவேண்டும். பட்டறையைச் செல்போன் கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டாயிற்று.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் அம்மாவிடம் அந்த நீலக் குப்பியைக் காட்டினேன். அதில் ஒரு ஊரும் இல்லை, பேரும் இல்லை, என்ன மருந்து என்றும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் என்ன இருக்குன்னு அவனுக்கே தெரியுமோ என்னவோ. ஆராய்ச்சி பண்றவங்க ராவும் பகலும் உழைக்கறாங்கம்மா. அந்தப் பேரை இவன் எடுத்து ஒட்டிக்கிறான்" என்றார். இருக்கட்டும். நிஜமான மருந்து ஒருநாள் வரும் என்றே வைத்துக்கொள்வோம். அது வருகிற வரைக்கும் இந்த மாதிரி ஆட்கள் அதன் சட்டையை மாட்டிக்கொண்டு ஊருக்குள் திரிவார்கள். எனக்கு அந்தச் சொல்லே ஆகாமல் போய்விட்டது. டிவியில் யாராவது நானோ என்றால் எழுந்துபோய் அணைத்துவிடுகிறேன்.

கிளினிக்குக்கு நானே போனேன். கவுன்சலர் பெண் அதே சிரிப்போடு கண்டிஷனைக் காட்டினாள், என் வீட்டுக்காரர் கையெழுத்தைக் காட்டினாள். "நாங்க கேரண்டி தர ரெடியாத்தான் இருந்தோம்மா. நீங்கதான் மாத்திரை குடுத்துட்டீங்க." போலீசுக்குப் போகலாம் என்றேன் கொழுந்தனிடம். ரெண்டு பேஷண்ட் கூட்டிவருவதாகச் சொன்னவன், கூட்டியும் போயிருந்தான். இருவரும் அவனிடம் நூல் வாங்குகிறவர்கள். பெயர் வெளியில் வந்தால் வியாபாரம் கெடும் என்று பின்வாங்கிவிட்டான். நான் தனியாகப் புகார் எழுதிக் கொடுத்தேன். அது எங்கே கிடக்கிறதோ.

பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன், தன் பெண்டாட்டியையும் சொந்தக்காரர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு ஊட்டுக்கு வந்தான். காபி கொடுத்தேன். குடித்தான்.

"நான் பணம் கேட்டு வரலீங்க, நங்கையா. ஞாயம் கேட்டு வந்தேன். நான் வாங்கிக் குடுத்த கேரண்டிய முறிச்சது ஆருங்க? அதை மட்டும் சொல்லிப்போடுங்க."

அப்போதுதான் அவன் பெண்டாட்டி, தான் அந்த கிளினிக்குக்கு வரவே இல்லை என்றது. வந்தவர்கள் காபி டம்ளரைப் பார்த்தார்கள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கட்டிலில் இருந்து என் வீட்டுக்காரர் பேசினார். அவர் பேச்சு இப்போது மெதுவாக, காற்றாகத்தான் வரும். எல்லோரும் குனிந்து கேட்டார்கள்.

"இன்னும் ஒரு வாரம் உட்டிருந்தா மருந்து உள்ள இறங்கியிருக்கும். இவதான் பொறுக்கல."

கொழுந்தன் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தான். பெரிய மனுசன் மாதிரித் தலையாட்டினான். என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு, "தம்பி பணத்தைக் குடுத்துரு" என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லக்கூடியது நிறைய இருந்தது. பலகை மாதிரிக் கிடந்த உடம்பைப் பற்றிச் சொல்லலாம். வாஷ்பேசினில் போன மாத்திரையைப் பற்றிச் சொல்லலாம். சொன்னால் அவர் நம்பவேண்டும். நம்பினால் அந்தக் கை இனி வராது என்பதையும் சேர்த்து நம்பவேண்டும். இப்போது அவர் கணக்கில் அந்தக் கை வந்திருக்கும், நான்தான் கெடுத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு அவர் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார். விழுங்கட்டும். என்னைத் திட்டிக்கொண்டே விழுங்கட்டும். வேளை தவறாமல் நான் கொடுக்கிறேன்.

"குடுத்தர்றங்க, தம்பி" என்றேன். "வட்டி ஏதாச்சும் போடோணுங்களா?"

"ச்சே, அண்ணன் தம்பிக்குள்ள வட்டி என்னங்க" என்றான். நாலு பேர் முன்னால் அதற்கும் ஒரு பேர் வாங்கிக்கொண்டான்.

என் சங்கிலியையும் ரெண்டு வளையலையும் விற்று ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுத்தேன். அதன் பிறகு பட்டறை வாடகை எட்டாயிரமும் மாதம் பிறந்ததும் அப்படியே அவனுக்குப் போகிறது. சாப்பாட்டுக்கு நான் பனியன் பிசிறு வெட்டும் வேலையை ஊட்டிலேயே செய்கிறேன். ஒவ்வொரு தரமும் பணம் போய்ச் சேர்ந்ததும் போன் வரும். "வந்துருச்சுங்க, நங்கையா. அண்ணன் எப்படி இருக்காருங்க?" நல்லா இருக்காருங்க என்பேன். நேற்றும் வந்தது. நேற்று நான் அவனைக் கேட்டேன், இன்னும் எவ்வளவு இருக்குதுங்க என்று. எனக்குத் தெரியும், அவன் வாயால் வரட்டும் என்றுதான் கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை, தயாராக வைத்திருந்தான்.

ரெண்டு லட்சத்து எட்டாயிரம்.